எண்ணுக்குள் அடங்காத ஏழு நொடி

கல்லூரி நாட்களில் சென்னை நடைபாதைக் கடையொன்றில் நடன இசைத் தொகுப்பு சி.டி. ஒன்று வாங்கினேன். பிரிட்டனில் வெளியானது. அட்டையின் பின்பக்கம், பார்கோட்டின் மேலேயே டிரில் போட்டு ஒரு ஓட்டை. "டேமேஜா அண்ணே?" என்றேன். "பாட்டு பாடும் தம்பி, எடுத்துட்டுப் போ" என்றார் கடைக்காரர். பாடத்தான் செய்தது. விற்காமல் தேங்கிய சரக்கையும் விளம்பரத்துக்கு இலவசமாகக் கொடுத்த பிரதிகளையும் இப்படித் துளையிட்டுக் கழித்துவிடுவது இசைக் கம்பெனிகளின் வழக்கம் என்பது பின்னால்தான் தெரிந்தது. முழு விலைச் சரக்காக அது மறுபடி கடைக்குள் நுழைந்துவிடக் கூடாதல்லவா? இசைக்கு ஒரு கீறலும் இல்லை. சந்தையில் அதற்கிருந்த பெயர் மட்டும் அழிக்கப்பட்டிருந்தது. ஒரு பதிவை அடையாளம் காண்பது யாருக்காக என்ற கேள்வி எனக்கு அந்த ஓட்டை வழியாக வந்ததுதான்.

பார்கோடு மளிகைக் கடையின் பிள்ளை. மோர்ஸ் குறியின் புள்ளியையும் கோட்டையும் மியாமி கடற்கரை மணலில் விரலால் கீழே இழுத்துப் பார்த்த நார்மன் ஜோசப் உட்லண்டின் யோசனை அது. அவரும் பெர்னார்ட் சில்வரும் 1949இல் விண்ணப்பித்த காப்புரிமை 1952இல் கிடைத்தது. இன்று நாம் காணும் வடிவில் கடையில் முதன்முதலாக ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் டிராய் நகரில், ஒரு சூயிங்கம் பொட்டலம். அதே கோடுகள்தான் பிறகு இசைத்தட்டின் முதுகிலும் ஏறின. முதல் இலக்கங்களைப் பார்த்து 'இந்த நாட்டுச் சரக்கு' என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. 890 என்றால் எண்ணை வழங்கியது இந்திய அமைப்பு என்றுதான் பொருள். சரக்கு எங்கே உருவானது என்பதை அது சொல்லாது.

இதை வெறும் கண்காணிப்புக் கருவி என்று ஒரே வரியில் தீர்த்துவிடவும் முடியாது. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியல் அதுவரை கடைக்காரர்கள் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி இருந்தது. 1991 மே மாதம் பார்கோடு ஸ்கேன் கணக்குக்கு மாறியது. அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது. கறுப்பர் இசை அதற்கு முன்பும் விற்கத்தான் செய்தது. சொல்கிறவர் வாயில் அது வரவில்லை, அவ்வளவுதான். எண்ணப்படுவதும் ஓர் அரசியல் என்பது நமக்குத் தெரிஞ்ச சங்கதிதானே.

ஆனால் பார்கோடு பெட்டியின் பெயர். பெட்டிக்குள் இருக்கும் இருபது பாட்டுகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதற்கென்று வந்தது ஐ.எஸ்.ஆர்.சி. எனப்படும் சர்வதேசத் தரநிலைப் பதிவுக் குறி. 1986இல் ஐ.எஸ்.ஓ. 3901 என்ற தரநிலையாக வெளியானது. மொத்தம் 12 இடங்கள்: நாட்டுக்கு 2, பதிவாளருக்கு 3, ஆண்டுக்கு 2, வரிசை எண்ணுக்கு 5. இது அட்டையில் இருக்க வேண்டியதில்லை, சி.டி.யின் உள்ளே, காதுக்கு எட்டாத துணைத்தடத்தில் எழுதப்படும். பாடலை அல்ல, பதிவைத்தான் இது குறிக்கும். ஒரே பதிவு பத்துத் தொகுப்பில் வந்தால் பார்கோடு பத்து, பதிவுக் குறி ஒன்றேதான். ரீமிக்ஸ் செய்தால் புதுக் குறி. நீளம் 10 நொடிக்கு மேல் மாறினாலும் புதுக் குறி.

வரலாறு எழுதுகிறவன் இங்கே ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம். டெட்ராய்ட்டில் உருவான பதிவுக்கு லண்டன் கம்பெனி குறி வாங்கினால் அது ஜி.பி. என்று தொடங்கும். ஆண்டும் அப்படியே: குறி வழங்கிய ஆண்டுதான் அது, பதிவான ஆண்டு அல்ல. 1969இன் பதிவு 1990களின் குறியோடு நிற்கும். உரிமை எப்போது, எங்கே பதிவானது என்பதையே இந்த எண் நினைவில் வைத்திருக்கிறது.

தொகை நமக்குப் புதிதல்ல. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. அரசன் பெயர் பத்திரமாக இருக்கிறது. ஆனால் குறுந்தொகையில் ஒரு புலவரின் இயற்பெயர் தொலைந்தபோது, அவர் சொன்ன உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயல்நீரார் என்று அழைத்தார்கள். பெயர் போனாலும் பாட்டு அவரைக் காப்பாற்றியது.

கிரிகரி கோல்மனுக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் டிரம்மர் அவர். 1969இல் வந்த 'ஆமென், பிரதர்' என்ற, இசைத்தட்டின் பின்பக்கத்துப் பாட்டில் ஏறக்குறைய ஏழு நொடி தனியாக வாசித்தார். 1986இல் 'அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்' என்ற தொகுப்பு வரிசையின் முதல் தட்டு அதை டி.ஜே.க்களின் கையில் கொடுத்தது. சாம்ப்ளர் கருவி அதை வெட்டியது, வேகம் கூட்டியது. 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் எழுந்த ஜங்கிள் இசை பெருமளவு அதன் மேல்தான் நிற்கிறது. அந்த வாசிப்பை உலகம் 'ஆமென் பிரேக்' என்கிறது. பாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டது, வாசித்தவன் பெயர் உதிர்ந்துபோனது.

அதை வெட்டி ஒட்டிய ஆயிரக்கணக்கான பதிவுகள் தனித்தனிக் குறி பெறலாம். ஏழு நொடிக்குக் குறி கிடையாது. முழுப் பதிவுக்குக் குறி இருந்தாலும் அது உரிமையாளரின் வாசலுக்குத்தான் வழி காட்டும். டிரம்மரின் வாசலுக்கு அல்ல. கோல்மன் 2006இல் வீடில்லாத நிலையில் இறந்தார். 2015இல் ரசிகர்கள் திரட்டிய ஏறத்தாழ 24 ஆயிரம் பவுண்டு குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குப் போய்ச் சேர்ந்தது. கோல்மன் அதற்கு ஒன்பது வருஷம் முன்பே போய்விட்டிருந்தார்.

ரோலான் பார்த் 1967இல் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தார். அதைப் படித்துக் கிறங்கியவர்களில் நானும் ஒருவன். பார்கோடும் பெயரும் இல்லாமல் கைமாறிய வெள்ளை லேபிள் தட்டுகளை விடுதலையின் வடிவம் என்று எழுதியும் இருக்கிறேன். இன்று அப்படி எழுத மாட்டேன். பெயரைத் தானே மறைத்துக்கொள்வது வேறு; பெயர் பறிபோவது வேறு. குறியில்லாத தட்டு கம்பெனியிடமிருந்து தப்பித்தது உண்மை. கோல்மனுக்குத் தர வேண்டியதிலிருந்தும் அது தப்பித்துக்கொண்டதே, அதை எந்தக் கணக்கில் வைப்பது? எண்ணை எதிர்ப்பது போதாது. எண் யாரைச் சுட்ட வேண்டும் என்று சண்டை போட வேண்டியிருக்கிறது.

அந்த சி.டி. இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்காவது பாட்டில் கோல்மனின் டிரம்ஸ் கேட்கிறது, வெட்டி, வேகம் கூட்டி. உள்தாளைப் புரட்டினால் ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமை பெற்ற கம்பெனி, ஆண்டு, அனுமதி தந்தவர் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கு. கோல்மன் பேர் இல்லை.