திருச்சுற்று மாளிகை

திருச்சுற்று மாளிகை என்பது கோயில் முற்றத்தைச் சூழ்ந்து, மதிலின் உட்புறத்தை ஒட்டித் தூண் வரிசையுடன் கூரையிட்டு எழுப்பப்படும் நடைமண்டபம் ஆகும். கருவறையை வலம் வரும் வெளியான திருச்சுற்றின் (பிராகாரம்) கட்டட வடிவம் இது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசனின் ஆணைப்படி சேனாபதி கிருஷ்ணன் இராமன் எடுப்பித்த மாளிகை இவ்வகையின் தலையாய சான்றாகும். பரிவார தெய்வங்களின் சிற்றாலயங்களும் அதனுள் அடங்குகின்றன. 

இடைக்கால ஐரோப்பாவில், புனித பெனடிக்டின் ஒழுங்கைப் பின்பற்றிய துறவியரின் மடங்களிலும் நாற்புறமும் கூரையிட்ட நடைகள் சூழ்ந்த உள்முற்றம் இருந்தது. பெரும்பாலும் தேவாலயத்தின் தென்புறத்தில், வெயில் படும்படி அமைந்த அது, உணவுக்கூடம், துயிற்கூடம், மடத்தார் கூடும் அவை ஆகியவற்றை இணைத்தது. துறவியர் அங்கே மௌனமாக நடந்தனர், நூல் வாசித்தனர், படியெடுத்தனர், உணவுக்கு முன் கை கழுவினர். வடிவில் இரண்டும் நெருங்கியவை எனினும் பயனில் பெரிதும் வேறானவை: மடத்து நடை வெளியாரை விலக்கித் துறவியரின் அன்றாடத்தைக் காத்தது, திருச்சுற்று, வழிபடுவோரின் வலத்துக்கும் விழாக்கால உலாவுக்கும் உரியது.