தொழிற்சாலையும் லயமும்

கண்டிக்குக் கலைச் சுற்றுலா வருவோரின் பாதை நெடுங்காலத்துக்கு முன்னரே வகுக்கப்பட்டுவிட்டது. தலதா மாளிகை, அதன் எண்கோண மண்டபம், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வெட்டத் தொடங்கிய வாவி, பேராதனைப் பூங்கா; இன்னும் சற்று நேரமுள்ளவர்களுக்கு எம்பெக்கே தேவாலயத்தின் மரச்சிற்பத் தூண்கள். 1988இல் உலக மரபுச் சொத்தாக அறிவிக்கப்பட்ட இந்நகரின் அரச காலக் கலைச்செல்வத்தைக் குறைத்துக் கூறுவது நமது நோக்கமன்று. ஆயினும், கண்டியையும் அதைச் சூழ்ந்த மலைகளையும் இன்றுள்ள உருவத்துக்கு மாற்றியவை மாளிகையும் விகாரையும் மட்டுமல்ல. கோப்பியும் தேயிலையும் இம்மலைகளில் ஒரு புதிய கட்டடக் கலையையே தோற்றுவித்தன. அதன் ஒரு பகுதி இன்று புதுப்பிக்கப்பட்டுக் காட்சிப் பொருளாகியுள்ளது. எந்தப் பகுதி புதுப்பிக்கப்பட்டது, எந்தப் பகுதி விடப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வினா.

பழைய பாதையிலிருந்தே தொடங்குவோம். கண்டிக்குத் தென்மேற்கே உடுநுவரைப் பகுதியில் கடலாதெனிய விகாரையும் லங்காதிலக விகாரையும் இருக்கின்றன. இரண்டும் 1344ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. கம்பளையைத் தலைநகராகக் கொண்டு நான்காம் புவனேகபாகு ஆண்ட காலத்தவை. கடலாதெனிய, தென்னிந்தியக் கோயில் மரபைத் தழுவிய கற்றளி. அங்குள்ள பாறைக் கல்வெட்டு அதனை அமைத்த சிற்பாசாரியின் பெயரையும் சொல்கிறது: கணேசுவராசாரி. லங்காதிலகவிலோ, பாறைமேல் சிங்களக் கல்வெட்டும் தமிழ்க் கல்வெட்டும் அருகருகே பொறிக்கப்பட்டிருக்கின்றன. இதைக் கொண்டு அக்காலத்தைப் பொற்காலமாக்கிவிட வேண்டியதில்லை. அது நிலப்பிரபுத்துவ காலம்; கல் சுமந்தவனின் பெயர் அங்கும் இல்லை. எனினும், ஒரு கட்டடத்தைச் சொல்லும்போது அதை ஆக்கிய கையையும் சொல்ல வேண்டும் என்னும் எண்ணம் அந்தப் பாறையில் இருக்கிறது. அந்த அளவுகோலை நாம் கையோடு எடுத்துச் செல்வோம்.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1820களில் கொழும்பு - கண்டி வீதி அமைக்கப்பட்டது. அதே பத்தாண்டில் கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் தொடங்கினார். காடுகள் அழிக்கப்பட்டன. அவற்றை அழிக்கவும் நடவும் பறிக்கவும் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து ஏழை உழவர்கள் கங்காணிகளால் அழைத்துவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை அவர்கள் கால்நடையாகவே வந்தனர். பசியாலும் கொள்ளைநோயாலும் வழியில் மடிந்தோர் பலர். தோட்டத் துரைமார் 1854இல் கண்டியிலேயே தமக்கென ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டனர். 1867இல் புகைவண்டி கண்டியை எட்டியது. கோப்பி கீழிறங்கிச் செல்லும் பாதை இவ்வாறு இரும்பால் அமைந்தது. கோப்பி பறிக்க வந்தவர்களின் பாதை எலும்பால் அமைந்தது.

1869இல் கோப்பி இலைகளில் ஒரு பூஞ்சண நோய் காணப்பட்டது. அடுத்த இருபதாண்டுகளுக்குள் அந்தப் பயிரே பெரும்பாலும் அழிந்தது. அதன் இடத்தைப் பிடித்த தேயிலை, நோய் தோன்றுவதற்கு முன்பே கண்டிக்குத் தெற்கே வேரூன்றியிருந்தது. தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் அதைப் பயிரிட்டிருந்தார். அவரது முதல் 'தொழிற்சாலை' அவருடைய பங்களாவின் விறாந்தையே. கொழுந்து மேசைமேல் பரப்பப்பட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை உள்ள கையினால் உருட்டப்பட்டது. பின்னர் மண் அடுப்புகளில், கரி நெருப்பின்மேல், கம்பித் தட்டுகளில் உலர்த்தப்பட்டது. பிற்காலத்தில் இரும்பு உருட்டி செய்த வேலையை முதலில் செய்தது மனித முழங்கைதான். 1873இல் லூல்கந்துரயிலிருந்து இலண்டனுக்குச் சென்ற முதற் பொதியின் நிறை 23 இறாத்தல். அதற்குப் பின் மலைகளெங்கும் எழுந்த பெருந்தொழிற்சாலைகளின் மூலவித்து அந்த விறாந்தையே.

அந்தத் தொழிற்சாலைகளின் அமைப்பைக் கலைக் கண்ணோடு பார்க்க நாம் இன்னும் பழகவில்லை. கண்டியிலிருந்து சில மைல் தொலைவில், ஹந்தானை மலைச்சரிவில், 1925இல் கட்டப்பட்ட நான்கு மாடித் தொழிற்சாலை ஒன்று நிற்கிறது. இத்தகைய கட்டடங்களில் வீண் அலங்காரம் இராது. இலையின் பயணமே கட்டடத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. பறித்த கொழுந்து முதலில் மேல்மாடிகளுக்கு ஏற்றப்படும். அங்கே நீண்ட தட்டுகளில் பரப்பப்பட்டு, காற்றினால் ஈரம் வற்றி வாடும். இதற்காகவே சுவரின் நீளம் முழுவதும் வரிசை வரிசையாகச் சாளரங்கள். கீழ்த்தளத்து உலர்த்திகளின் வெப்பக் காற்றை மேலே இழுத்துச் செலுத்தும் பெரிய விசிறிகள். வாடிய இலை கீழ்த்தளத்துக்கு இறங்கி, உருட்டும் பொறிகளில் நசுங்கி, பரப்பி வைக்கப்பட்டுச் செந்நிறம் கொண்டு, உலர்த்தப்பட்டு, சலித்துத் தரம் பிரிக்கப்படும். தேவையும் வடிவமும் இவ்வளவு நெருங்கிப் பொருந்திய கட்டடங்கள் நம் நாட்டில் அதிகமில்லை. இவற்றை அழகியவை என்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

ஆனால், தொழிற்சாலை தனித்து எழுந்த கட்டடமன்று. அதே தோட்டம், அதே காலத்தில், அதே முதலைக் கொண்டு இன்னொரு கட்டடத்தையும் எழுப்பியது. அதுவே லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா. அதன் முன்னே ஓர் ஒடுங்கிய இஸ்தோப்பு. அதையடுத்து அதே போன்ற இன்னொன்று. இரட்டை லயங்களில் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதால் பின்புறச் சாளரத்துக்கே இடமில்லை. சமையலும் உறக்கமும் பிள்ளைப்பேறும் பிணக்கிடையும் அந்த ஓர் அறைக்குள்தான். இலை வாடுவதற்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று அங்குலக் கணக்கில் ஆராய்ந்த பொறியியல் அறிவு, ஒரு குடும்பம் மூச்சுவிட எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்கிடவில்லை. இது மறதியால் நேர்ந்த பிழையென்று கொள்ள முடியாது. வாடாத இலை நட்டத்தைத் தரும். வாடிய மனிதனுக்குப் பதிலாக இன்னொருவனைக் கங்காணி கொண்டுவருவான். தொழிற்சாலையின் பெருஞ்சாளரங்களும் லயத்தின் குருட்டுச் சுவரும் ஒரே கணக்கேட்டின் வரவும் செலவுமாகும். ஒன்றை விட்டு மற்றதை விளங்கிக்கொள்ள இயலாது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளுக்கு வழங்கப்பட்டது. இம்மாற்றங்களுக்கிடையே தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. ஹந்தானைத் தொழிற்சாலையும் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பாழடைந்து கிடந்தது. பின்னர் தேயிலைச் சபையும் தோட்டத்துரைமார் சங்கமும் முன்னின்று அதைப் புதுப்பித்து, 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறந்தன. நுவரெலியாவுக்கு அப்பால் கந்தப்பளையிலும் ஒரு கைவிடப்பட்ட தொழிற்சாலை 1996இல் உல்லாச விடுதியாயிற்று. இலை வாட்டிய மாடிகளில் இன்று விருந்தினர் உறங்குகின்றனர். இடித்துத் தகரத்துக்கும் இரும்புக்கும் விற்பதைவிட இது எவ்வளவோ மேலானது. ஹந்தானையைக் காப்பாற்றியோருக்கு வரலாற்று மாணவர்கள் நன்றி சொல்லத்தான் வேண்டும். பழைய உருட்டிகளையும் உலர்த்திகளையும் எந்திரங்களையும் அங்கே தொட்டுணரக்கூடிய அண்மையில் காணலாம். டெய்லரையும் தோமஸ் லிப்டனையும் நினைவுகூரும் பொருள்களும் உள்ளன. மேல்மாடியில் தேநீர் அருந்திக்கொண்டே கண்டி மலைகளின் அழகைக் காணலாம்.

மாணவர்களோடு அங்கு சென்றிருந்தபோது, தோட்டத்தில் பிறந்த ஒரு மாணவி உருட்டும் பொறியொன்றின் முன் நெடுநேரம் நின்றாள். பொறியில் வார்க்கப்பட்டிருந்த எழுத்துகளைக் காட்டி, "இது யாருடைய பெயர், சேர்?" என்று கேட்டாள். செய்த கம்பனியின் பெயர் என்றேன். "எங்கள் தாத்தா ஸ்டோரில்தான் வேலை செய்தார். இதை ஓட்டியவர்களின் பெயரை எங்கே போட்டிருக்கிறார்கள்?" என்று அடுத்துக் கேட்டாள். அவளுக்கு அன்று என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. இக்கட்டுரை ஒருவகையில் அவளுக்கான மறுமொழியே.

ஓட்டியவர்களின் பெயரைத் தேடி மீண்டும் லூல்கந்துரப் பாதையிலேயே செல்வோம். டெய்லர் 1892இல் இறந்தார். அவரது உடலை இருபத்துநான்கு தொழிலாளர், பன்னிருவர் பன்னிருவராக முறைமாற்றி, மலைப்பாதை வழியே கண்டிவரை சுமந்து வந்தனர் என்று வரலாறு கூறுகிறது. மஹையாவை மயானத்தில் அவர் பெயர் பொறித்த கல் இருக்கிறது. சுமந்த இருபத்துநால்வரின் எண்ணிக்கை நமக்குக் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை.

அதே ஹேவாஹெட்டைப் பிரதேசத்தில்தான் முல்லோயாத் தோட்டம் உள்ளது. 1940 ஜனவரியில் அங்கே தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். சமசமாஜிகளின் தொழிற்சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. ஜனவரி 10ஆம் நாள் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தார். தொழிற்சங்க வரலாற்றில் அழியாது நிற்கும் பெயர் அது. தேயிலையின் முதல் ஏக்கரைக் காட்டச் செல்லும் சுற்றுலா, சில மைல் தொலைவிலுள்ள இந்த மண்ணையும் காட்டினால்தான் தேயிலையின் கதை நிறைவு பெறும்.

பெயர் மறைந்தது வெறும் அலட்சியத்தால் மட்டுமன்று என்பதை 1948 உணர்த்துகிறது. அவ்வாண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கிற்று. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரை இரு அரசுகளும் 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஒரு மக்கட் கூட்டத்தைக் குடிமக்களின் ஏட்டிலிருந்து நீக்கிய நாடு, நூதனசாலையின் சுவரில் அவர்களுடைய பெயரை எழுத மறந்ததில் வியப்பென்ன?

பிறநாடுகளில் என்ன செய்தார்கள்? ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் சோல்வெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது. அதன் கட்டடங்கள் பேணப்பட்டு, 2001இல் உலக மரபுச் சொத்தாயின. நிலக்கரி கழுவிய கூடத்தில் 2010இல் ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது. அங்கே வருவோரை அழைத்துச் சென்று விளக்குவோரில் முன்னாள் சுரங்கத் தொழிலாளரும் உண்டு. பொறியைக் காட்டுபவனே அதை இயக்கியவனாகும்போது, இரும்புக்கு நாவு முளைத்துவிடுகிறது. தேயிலை நிறத்தையும் மணத்தையும் கொண்டே நொதித்தலின் பதம் சொல்லக்கூடிய ஓய்வுபெற்ற தொழிலாளர் நம் மலைகளில் எத்தனையோ பேர்! அவர்களை அழைக்க எந்தப் பெருஞ்செலவும் தேவையில்லை.

வழி காட்ட நம் நாட்டிலேயே ஒரு முயற்சி உண்டு. கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில், கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் ஒரு தோட்டத் தொழிலாளர் நூதனசாலையை நிறுவியது. அது அமைந்திருப்பது ஒரு பழைய லயத்தில். தோட்ட மக்கள் புழங்கிய பாத்திரங்களும் கருவிகளும் ஆவணங்களும் அந்தக் காம்பராக்களில் இருக்கின்றன. உள்ளே குனிந்து நுழைந்து, அந்த அறையின் அளவைத் தன் உடலால் உணர்ந்த ஒருவர், ஹந்தானையின் உயர்ந்த மாடிகளை முன்போலப் பார்க்கமாட்டார். இவ்விரண்டு நூதனசாலைகளும் உண்மையில் ஒரே கட்டடத்தின் இரு பாதிகள். இடையில் மலையும் மௌனமும் கிடக்கின்றன. ஆனால் லயம் முழுதாக நூதனசாலைக்குச் சென்றுவிடவில்லை என்பதையும் மறக்கலாகாது. இன்றும் ஏராளமான குடும்பங்கள் லயங்களில்தான் வாழ்கின்றன. மக்களுக்குச் சொந்த நிலமும் காற்றோட்டமான வீடும் கிடைத்து, லயம் முற்றாகப் பழம்பொருளாகும் நாளே அதைப் பேணுவதிலும் நாம் மனநிறைவு கொள்ளக்கூடிய நாள்.

2023இல், தம் முன்னோர் வந்து இருநூறாண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, மலையக மக்களும் அவர்தம் தோழர்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். புத்தகத்தில் இல்லாத வரலாற்றை அவர்கள் கால்களால் எழுதினார்கள். பள்ளிகளில் இருக்கும் நாம் அதைத் தொடரலாம். அடுத்த முறை மாணவரைக் கண்டிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், லங்காதிலகவின் இருமொழிப் பாறையிலிருந்து ஹந்தானைக்கும், அங்கிருந்து கம்பளை லயத்துக்கும் செல்லட்டும். தோட்டப் புறத்து மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம் கேட்டு, எந்த ஸ்டோரில், எந்தப் பொறியில், எத்தனை ஆண்டு உழைத்தார் என்று எழுதட்டும். நாட்கூலி கணக்கிடுவதற்காகச் செக்ரோலில் எழுதப்பட்ட பெயர்கள் நன்றி கூறுவதற்காக மீண்டும் ஒருமுறை எழுதப்படட்டும்.

கணேசுவராசாரியின் பெயரைக் கல் ஏறக்குறைய ஏழு நூற்றாண்டுகளாகச் சுமந்துகொண்டிருக்கிறது. அந்த மாணவியின் தாத்தாவுடைய பெயரைச் சுமக்க ஒரு சுவர்கூட இல்லையென்றால், நாம் புதுப்பித்தது பாதிக் கட்டடத்தையே.