கல்லைக் காப்பதா, நிலத்தைக் காப்பதா? சவ்வாது மலையடிவாரத் தொல்லியலும் பூங்காக் கொள்கையும்

பாலாற்றுப் பள்ளத்தாக்கைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதியைத் தோல் தொழிலும் அது ஆற்றுக்கு இழைத்த கேடும் எடுத்துக்கொண்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இன்று சட்ட மாணவர்களுக்குப் பாடம். ஆனால் அணைக்கட்டு என்னும் ஊரிலிருந்து ஒடுகத்தூர், பீஞ்சமந்தை என்று சவ்வாது மலைக்கு ஏறிப் போகும் நிலத்தின் மூவாயிரம் ஆண்டு வரலாறு அகழாய்வுக் குறிப்புகளுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறது. அந்த வரலாற்றைத் தனித்தனிக் கற்களாக அல்லாமல் ஒரே நிலப்பரப்பாகப் பார்க்க வேண்டும், அப்படியே காக்கவும் வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, புதிய கற்கால மக்களின் குழி வீடுகளும் மெருகேற்றிய கற்கோடரிகளும் கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. அணைக்கட்டுப் பகுதியின் அப்புக்கல்லில் 1970-களில் சென்னைப் பல்கலைக்கழகம் அகழாய்வு நடத்தியது. மலைமேல் உள்ள கற்திட்டைகளைக் குள்ளமனிதர் வாழ்ந்த வீடுகள் என்று மலைமக்கள் சொல்வார்கள். பாறை ஓவியத்துக்குக் கிருஷ்ணகிரிப் பக்கத்து மல்லப்பாடிக்குப் போக வேண்டும். அங்கே வெள்ளை நிறத்தில் குதிரைமேல் ஏறிப் பொருதும் மனிதர்கள் தீட்டப்பட்டிருக்கிறார்கள். குதிரை வந்துவிட்ட பிறகு அதை வேட்டைக் கால ஓவியம் என்று சொல்ல இடமில்லை. ஆடுமாடு வளர்த்த, சண்டையிட்ட சமூகத்தின் கைவேலை அது.

இந்தச் சமூகம் எழுத்தோடு பேசத் தொடங்கும் இடம், ஆநிரைச் சண்டை போன்றவற்றில் வீழ்ந்த வீரனுக்கு நட்ட நடுகல். செங்கம் வட்டார நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் தனி நூலாகவே வெளியிட்டது. ஆம்பூரிலும் நிருபதுங்கவர்மன் காலத்து நடுகற்கள் உண்டு. வழிபாட்டில் உள்ள ஒரு நடுகல்லைக் கிட்ட நின்று பார்த்தால் தெரியும்: ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், உடலில் தைத்த அம்புகள், அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் குங்குமமும். எழுத்தைப் படிக்க அந்தப் பிசுக்கு இடைஞ்சல்தான், கல்வெட்டாளர்கள் சலித்துக்கொள்வதும் நியாயமே. ஆனால் வேடியப்பன் என்று பெயரிட்டுப் பொங்கல் வைத்த ஊர்தான் அந்தக் கல்லைக் கல்லுடைப்பவனிடமிருந்து காப்பாற்றியது.

கல்லைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைப்பதே பாதுகாப்பு என்பது எதிர்வாதம். சாலையோரத்தில் உடைந்து கிடக்கும் கல்லுக்கு அது பொருந்தும். நின்ற இடத்திலேயே நிற்கும் கல்லுக்குப் பொருந்தாது. ஆநிரை கவர்ந்தவர்கள் எந்தக் கணவாயில் இறங்கினார்கள், மாடு எந்தச் சுனைக்குப் போயிற்று என்பதைக் கல் நிற்கும் இடம்தான் சொல்லும். மலையாம்பட்டு ஆர்மாமலைக் குகையும் இப்படித்தான். இயற்கைக் குகைக்குள் மண்சுவர் எழுப்பிச் சமணக் கோயிலாக்கி, சித்தன்னவாசலை ஒத்த தாமரைக் குளமும் திசைக்காவலரும் தீட்டினார்கள். அந்த ஓவியத்தைப் பாறையையும் மலையையும் விட்டுப் பிரித்து எங்கே கொண்டுபோய் வைப்பது?

பூங்கா என்றால் நமக்கு நினைவுக்கு வருவது 1967-இல் தொடங்கிய அமிர்தி உயிரியல் பூங்கா போன்ற ஏற்பாடு. கூண்டு, அருவி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கனடாவின் அல்பர்ட்டா புல்வெளியில் வேறொரு வகை உண்டு. மில்க் ஆற்றங்கரையில் பிளாக்ஃபுட் மக்களின் பாறைச் செதுக்கல்களைச் சூழ்ந்த நிலம் 1957 முதல் மாகாணப் பூங்காவாக இருக்கிறது. 2019-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. செதுக்கல்கள் செறிந்த பகுதிக்கு வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். அதை அப்படியே இங்கே நட்டுவிட முடியாது. நம் மலையில் மலையாளிப் பழங்குடியினர் குடியிருக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. வேலி போட்டால் முதலில் வெளியே நிற்பவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

நமக்குத் தகுந்த முன்மாதிரி மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி. தமிழிக் கல்வெட்டும் சமணப் படுக்கையும் சுனைகளும் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலம், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்தபோது ஊர்கள் திரண்டன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. சுரங்கத்தைத் தடுத்தது அறிவிப்பு ஒன்றே என்று சொல்லமாட்டேன், போராட்டம்தான் தடுத்தது. ஆனால் போராடியவர்கள் கையில் நீட்டிக் காட்ட ஓர் அரசாணை இருந்தது. அங்குள்ள குடைவரைக் கோயிலை மட்டும் தொல்லியல் சின்னமாக வைத்திருந்தால் மலையின் மற்ற பகுதிக்காக வாதாடுவது கடினமாகியிருக்கும்.

சவ்வாது அடிவாரத்துக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. பல்லுயிர்ச் சட்டம் 2002-இன் 37-ஆம் பிரிவின்படி, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து மாநில அரசு இத்தகைய தலத்தை அறிவிக்கலாம். அணைக்கட்டு ஒன்றியத்து ஊராட்சிகள் தங்கள் எல்லைக்குள் இருக்கும் நடுகல், கற்திட்டை, சுனை ஆகியவற்றை முதலில் பட்டியலிட்டுக் கிராம சபையில் தீர்மானம் போடட்டும். அந்தப் பட்டியலைச் சரிபார்த்துத் தரும் வேலையைப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் ஏற்க வேண்டும்.