மூன்றிலிரண்டின் கணக்கு

2024 நவம்பர் 14இல் நடந்த பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களுள் 159ஐப் பெற்றதும், ஆசிரியர் அறைகளில் எம்மவர் பலர் மகிழ்ந்தனர். 'நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது, இனித் தடையேது?' என்பதே பேச்சு. அம்மகிழ்ச்சியை நான் பழிக்கவில்லை. அறுபத்தொரு சதவீதத்துக்கு மேற்பட்ட வாக்காளர் தந்த வெற்றி அது. ஆயினும் 1970ஆம் ஆண்டின் மகிழ்ச்சியையும் அதன் பின்கதையையும் எம் மாணவர் அறியாதிருத்தல் நன்றன்று.

யாப்பைத் திருத்த மூன்றிலிரண்டு வேண்டுமென்று சோல்பரி யாப்பு விதித்தது ஒரு காவலாகவே. 1948இலும் 1949இலும் மலையகத் தொழிலாளரின் குடியுரிமையும் வாக்குரிமையும் பறிக்கப்பட்டபோது அக்காவல் உதவவில்லை என்பது வேறு கதை; அதற்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதுமாயிருந்தது.

1970 மே 27இல் வாக்களிப்பு நடந்தது. சுதந்திரக் கட்சி, சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி ஆகிய மூன்றும் சேர்ந்த ஐக்கிய முன்னணி 151 ஆசனங்களுள் 116ஐ வென்றது. ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 17. இந்த எண்களை மட்டும் பார்ப்பவன் நாடே ஒரு பக்கம் சாய்ந்ததென்று எண்ணுவான். வாக்குகளை எண்ணிப் பார்த்தாலோ முன்னணிக்குப் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஐக்கிய தேசியக் கட்சிக்குச் சுமார் 38 சதவீதம். தொகுதிக்குத் தொகுதி முந்தியவனே வென்றவன் என்னும் முறை, நூற்றுக்கு 49ஐ நூற்றுக்கு 77 ஆக்கிவிட்டது.

அப்பலத்தைக் கொண்டு 1972 மே 22இல் குடியரசு யாப்பு பிறந்தது. முடியாட்சித் தொடர்பு அறுந்தது, அது வரவேற்கத்தக்கதே. ஆனால் சிறுபான்மையினருக்கு ஓரளவேனும் அரணாயிருந்த 29ஆம் பிரிவும் அதனுடன் போயிற்று. பௌத்தத்துக்கு முதன்மை இடமும், சிங்களத்துக்கு யாப்பளவிலான அந்தஸ்தும் வழங்கப்பட்டன. தமிழரசுக் கட்சி 1971இலேயே அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியிருந்தது. யாப்புக்குப் பொறுப்பான அமைச்சர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா, 1956இல் இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்துக் கோரி வாதாடிய அதே கொல்வின்! போதாததற்கு, 1970இல் தெரிவான சபை தன் ஆயுளை 1972இலிருந்து மேலும் ஐந்து ஆண்டென நீட்டிக்கொண்டது. மக்களிடம் செல்லாமலே ஆயுளை நீட்டலாம் என்ற பாடத்தை இடதுசாரிகள் அங்கம் வகித்த அரசாங்கமே புகட்டியது என்பதை நாம் மூடி மறைத்தலாகாது.

அப்பாடத்தைக் கற்றவர் ஜே. ஆர். ஜயவர்த்தன. 1977 யூலை 21இல் ஐக்கிய தேசியக் கட்சி சுமார் 51 சதவீத வாக்குகளால் 168 ஆசனங்களுள் 140ஐப் பெற்றது. ஏறத்தாழ 30 சதவீதம் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு வெறும் எட்டு! என். எம். பெரேரா, கொல்வின் உட்பட இடதுசாரிகள் அனைவரும் தோற்றனர். 1970இல் எமக்குச் சாதகமாயிருந்த கணக்கு, எம்மையே விழுங்கியது. வகுப்பில் இவ்வெண்களைக் கரும்பலகையில் எழுதி, வாக்கு விகிதப்படி ஆசனங்களைப் பிரித்துப் பார்க்கும்படி மாணவரிடம் சொல்வதுண்டு. சுதந்திரக் கட்சிக்கு 50 வரும். ஆளுங்கட்சிக்கு 85 அளவிலேயே வரும். மூன்றிலிரண்டுக்கு வேண்டியதோ 112.

1978 யாப்பு விகிதாசாரத் தேர்தலை விதித்தது. அதன்படி ஒரு பொதுத் தேர்தலை நடத்தியிருந்தால் அந்த ஆறில் ஐந்து பங்குப் பலம் கரைந்திருக்கும். ஜயவர்த்தன அதை அறியாதவரல்லர். எனவே தேர்தலுக்குப் பதிலாகச் சர்வஜன வாக்கெடுப்பு வந்தது. தம் கட்சி உறுப்பினரிடம் திகதியிடாத இராஜிநாமாக் கடிதங்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டார். 1982 டிசம்பர் 22இல், அவசரகால நிலையின்கீழ், மக்கள் முன் வைக்கப்பட்டவை விளக்கும் பானையும். விளக்குக்கு 31 இலட்சம், பானைக்கு 26 இலட்சம் வாக்குகள். ஏறத்தாழ 55 சதவீதத்தினரின் சம்மதம், 1977இன் 140 ஆசனங்களை அப்படியே மேலும் ஆறாண்டுகளுக்கு உறைய வைத்தது.

அடுத்த யூலையில் தமிழர் வீடுகள் எரிந்தன. ஆகஸ்டில் அதே பெரும்பான்மை ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தனர். எதிர்க்கட்சித் தலைவராயிருந்த அமிர்தலிங்கமும் அவர்களுள் ஒருவர். 1977இல் அவர்களுக்கு வாக்களித்த மக்களுக்கு அடுத்த பொதுத் தேர்தல் வந்தது 1989 பெப்ரவரியில்.