மீன் சேதி எழுதச் சொன்ன டாக்டர்

தேவதானத்திலே சாஸ்தா கோவில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்றால் முதல் கேள்வி, கண்மாய்க்கு எவ்வளவு வரும் என்பது. அடுத்த கேள்வி, "மீன் ஏறுதாப்பா?" இந்த இரண்டாவது கேள்விக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

அந்த நாளிலே மீன் சேதி காகிதத்தில் வராது. தண்ணீரைப் பார்த்தே சொல்லுவார்கள். புதுவெள்ளம் செம்மண் கலங்கலாக வந்தால் மண்புழுவைக் கோத்துப் போடு, கெளுத்தி மீசையாலே தடவிக் கண்டுபிடித்துக் கடிக்கும்; தெளியட்டும், அப்புறம் கெண்டைக்குத் தூண்டில் போடலாம் என்பார்கள். ஆரால், குறவை, அயிரை எந்த மடையில் கிடக்கும் என்பதும் அவர்களுக்கு அத்துபடி.

இந்த அறிவைச் சர்க்கார் முதன்முதலில் தேசம் முழுக்கக் கேட்டு வாங்கியது 1870-களில். பிரான்சிஸ் டே என்று ஒருவர். சென்னை ராணுவத்தில் டாக்டர். மீன் மேலே அவருக்கு அப்படி ஒரு பித்து. அவரை இந்தியா முழுமைக்கும் மீன்வள மேலதிகாரியாக நியமித்தார்கள். ஜில்லா ஜில்லாவாகக் கேள்விகள் போயின. உங்கள் தண்ணீரில் என்னென்ன மீன்? வலைக்கண் எவ்வளவு சிறிசு? முன்னைக்கு இப்போது மீன் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? கலெக்டர்களும் தாசில்தார்களும் பதில் எழுதினார்கள். (அப்போது நம்ம பக்கமெல்லாம் திருநெல்வேலி ஜில்லா.) தாசில்தாருக்கு அயிரைக்கும் ஆராலுக்கும் வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது? ஊரிலே கேட்டுத்தான் எழுதியிருப்பார்.

1873-ல் அந்த அறிக்கை அச்சாகி வந்தது. அதன் சாரம் இதுதான்: சினை மீன் ஏறும் வழியிலே பறியை வைத்துப் பிடிக்கிறார்கள், வாய்க்காலிலும் நெல் வயலிலும் பொடிக்குஞ்சை அள்ளுகிறார்கள், தண்ணீரில் விஷம் கலக்கிறார்கள். அதே வருஷம் ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற சென்னை மாகாண அதிகாரி, இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றியே ஒரு பெரிய புத்தகம் போட்டார். அவரும் குஞ்சை அழிக்காதே என்ற கட்சிதான்.

சர்க்கார் காரியம் பாருங்கள், சட்டம் வர 1897 ஆகிவிட்டது. வெடி போட்டோ, விஷமோ சுண்ணாம்போ கலந்தோ மீன் பிடித்தால் 2 மாதம் வரை ஜெயில், அல்லது 200 ரூபாய் வரை அபராதம். அந்த நாளில் 200 ரூபாய் என்றால் லேசா! அப்புறம் 1907-ல் சென்னையில் மீன்வளத்துக்கென்றே தனி அலுவலகம். அதை நடத்தியவர் பிரடெரிக் நிக்கல்சன், நம்ம கூட்டுறவு சங்கத்துக்கு விதை போட்ட அதே நிக்கல்சன்தான்.

சட்டத்தால் மீன் பெருகியதா என்றால், கண்மாயில் பெருகியது வேறு மீன். 1952-ல் ஜிலேபிக் கெண்டை இந்தியாவுக்குள் வந்தது. 1957-ல் கட்டாக்கில் ஊசி போட்டுக் கெண்டையை முட்டையிட வைத்தார்கள். அதற்குப் பிறகு கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கிவந்து விடுகிறோம். வருமானம் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் குஞ்சு விலைக்குக் கிடைக்கிறது என்றதும், ஆற்று மீன் எப்போது ஏறும் என்று கேட்பாரில்லை. கள்ளிப்பால் கலந்த இடத்தில் இப்போது பூச்சிமருந்து. அந்தத் தண்ணீரைத்தான் மாடும் குடிக்கிறது.

விராலைப் பாருங்கள். குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாக மேலே மிதக்கும், அடியிலே தாயும் தகப்பனும் காவல். அந்தக் கூட்டத்தைக் குறிவைத்துத் தூண்டில் போட்டால் பெரிய மீன் நிச்சயம் மாட்டும். காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்கள் அன்றைக்கே தின்று தீர்த்துவிடும்.

புதுவெள்ளம் வந்த முதல் 15 நாள் கலிங்கிலும் வரத்துக்காலிலும் பறி வைக்கக் கூடாது, விரால் குஞ்சுக் கூட்டத்திலே தூண்டில் ஆகாது என்று இரண்டு வரி, அடுத்த மீன்பாசி ஏலத்தின்போது நிபந்தனையில் சேர்க்கச் சொல்லி ஊர்க்கூட்டத்திலே கேளுங்கள். ஏலம் எடுக்கிறவர் முதலில் முணுமுணுப்பார். மறு வருஷம் அவர் வலைக்குத்தான் மீன் வரும்.