வாழவந்தி நாடும் அதன் சுற்றுப்புறமும்

கொல்லிமலை என்றதும் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரியே நம் நினைவுக்கு வருகிறான். செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு. ஆடித் திங்களில் விழாவும் உண்டு. வளப்பூர் நாட்டில் அறப்பளீஸ்வரர் கோயிலும், அதனருகே ஆகாய கங்கை அருவியும் உள்ளன. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறி வருவோர் இவற்றைக் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். ஆனால், வாழவந்தி நாட்டிலுள்ள இரு கல்லறைகளை நாடிச் செல்வோர் சிலரே.

அவை ஜெஸ்ஸி பிராண்ட், அவர்தம் துணைவியார் எவலின் அம்மையார் ஆகியோருடையவை. மலைச்சாலை இல்லாத அக்காலத்தில், 1913-ல் மணம் முடித்து மலையேறிய இவர்கள், மருந்து கொடுத்தனர், பள்ளி வைத்தனர், தச்சுத்தொழில் கற்பித்தனர். முதல் உலகப் போரின் முடிவில் பரவிய விஷக்காய்ச்சலில் மக்கள் மடிந்தபோது, கஞ்சி சுமந்து ஊர் ஊராகச் சென்றனர். அப்போது உயிர் துறக்கும் நிலையிலிருந்த பூசாரி ஒருவர், தம் பெண் குழந்தையை இவர்களிடமே ஒப்படைத்தார்.

மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி 1929-ல் இறந்தார். அம்மையார் முதுமையிலும் மலை மக்களிடையே உழைத்து, 1974-ல் தம் 95-ம் வயதில் மறைந்து, கணவரின் அருகே அடக்கமானார். தொழுநோயால் மடங்கிய விரல்களை வேலூரில் அறுவை செய்து சீராக்கிய டாக்டர் பால் பிராண்ட் இவர்களுடைய மகனே.

இவர்கள் பாப்டிஸ்ட் சபையினர். நம் திருச்சபையினர் அல்லர். எனினும், பிரிந்த சகோதரரிடம் விளங்கும் நன்மையை மதிக்க வேண்டுமென 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்தது. யூபிலி ஆண்டில் நம் குருக்களையும் கன்னியரையும் நன்றியோடு நினைக்கும் நாம், வாழவந்தியில் வாழ வந்த இவ்விருவரையும் மறத்தல் தகுமா? வரும் கல்லறைத் திருநாளில் நாம் ஏற்றும் மெழுகுதிரிகளுள் ஒன்று அங்கும் எரியட்டும்!