பெயர் தெரியாத பழைய ஏர் பிஸ்டல்: எங்கே, எப்போது தயாரானது என்று கண்டறிவது எப்படி?

பழைய வீட்டைக் காலி செய்யும்போதோ, பாட்டனாரின் இரும்புப் பெட்டியைத் திறக்கும்போதோ ஒரு கைத்துப்பாக்கி கையில் கிடைக்கிறது. பெயர் தேய்ந்திருக்கிறது, அல்லது பெயரே பொறிக்கப்படவில்லை. தோட்டா இடும் அறை எங்கும் தென்படவில்லை. காற்றின் விசையால் சிறு ஈயக் குண்டைச் செலுத்தும் 'ஏர் பிஸ்டல்' ஆக இருக்கலாம் என்று குடும்பத்தினர் கருதுகின்றனர். இந்தக் கருத்து சரியா என்பது, சேகரிப்பாளர்களின் ஆர்வத்துக்குரிய கேள்வி மட்டுமன்று. அப்பொருளை உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருக்கலாமா என்பதே அந்த விடையைப் பொறுத்து அமைகிறது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற பிறகு இச்சொல் நாடு முழுவதும் அறிமுகமாகிவிட்டது. ஆனால் இன்றைய போட்டித் துப்பாக்கிகள், முன்கூட்டியே அழுத்தி நிரப்பப்பட்ட காற்றுக் கலனைக் கொண்டு இயங்குபவை. பழைய பெட்டிகளில் கிடைப்பவை பெரும்பாலும் சுருள்வில்லால் இயங்குபவை.

முதல் சோதனை

துப்பாக்கி எதுவாயினும் குண்டு நிரப்பப்பட்டிருப்பதாகவே கருதி, குழல்வாயை ஆளில்லாத திசையில் வைத்து, விசையில் விரல் படாமல் ஆராய வேண்டும். குழலின் பின்முனையைத் திறக்க முடிந்தால் அங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஏர் பிஸ்டலில், குழலுக்கு நேர் எதிரே காற்று வெளிவரும் சிறு துளையும், அதைச் சுற்றித் தோல் அல்லது ரப்பர் வளையமும் இருக்கும். அதற்குப் பதிலாக ஊசி முனையோ, ஊசி வெளிவருவதற்கான பொட்டுத் துளையோ காணப்பட்டால், அது வெடிமருந்துத் தோட்டாவைச் சுடும் கருவியாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்நிலையில் ஆராய்ச்சியை அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

பிரிட்டனில் தயாரான வெடிமருந்துத் துப்பாக்கிகள் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைக் கூடத்தின் முத்திரையைப் பெற்றாக வேண்டும். காற்றுத் துப்பாக்கிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே முத்திரை இல்லாததும் ஒரு தடயமே. அதை மட்டும் நம்பி முடிவு கூறிவிட முடியாது.

பெயரை விட இயக்கமே முக்கியம்

பெரும்பாலானோர் முதலில் பெயரைத் தேடுகின்றனர். ஆனால் பெயர் பல வேளைகளில் விற்ற கடையினுடையதாக இருக்கும். உடலமைப்பு அவ்வாறு ஏமாற்றுவது குறைவு. வில்லை இழுத்துப் பூட்டும் முறையைப் பார்த்தாலே நாடும் காலமும் ஓரளவு புலப்பட்டுவிடும்.

பர்மிங்காமின் வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனம் 1924இல் வெளியிட்ட 'மார்க் 1' பிஸ்டலில், குழல் காற்று உருளையின் மேலே படுத்திருக்கும். குழலின் பின்முனையை விடுவித்து மேல்நோக்கித் தூக்கி, முன்பக்கமாக மடக்கினால் வில் பூட்டிக்கொள்ளும். இந்த அமைப்பால் துப்பாக்கி குட்டையாகவும் குழல் நீளமாகவும் இருக்க முடிந்தது. 1929இல் 'ஜூனியர்', 1930இல் 'சீனியர்' வகைகள் வந்தன. போருக்கு முந்தைய மார்க் 1, சீனியர் வகைகளில் கைப்பிடி ஏறக்குறைய நேராக நிற்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தவற்றில் அது சாய்ந்திருக்கும். பெயர் முற்றிலும் அழிந்துபோன வெப்லியையும் இந்தக் கைப்பிடியைக் கொண்டு காலம் கணிக்கலாம்.

ஜெர்மனியின் 'ஹேனல் 28' வேறு வழியைத் தேர்ந்தது. சுருள்வில்லும் பிஸ்டனும் கைப்பிடிக்குள்ளேயே ஒளிந்திருக்கும். வெளிப்பார்வைக்கு ராணுவக் கைத்துப்பாக்கி போலவே தோன்றுவதால், பார்ப்பவரை மிகவும் குழப்புவது இந்த வகைதான். 'வால்டர் எல்பி 53' பிஸ்டலும் கைப்பிடிக்குள் வில்லைக் கொண்டதே. அதன் தோற்றம் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு ஒரு சுவையான சான்று உண்டு. 1963இல் வெளியான ஜேம்ஸ் பாண்ட் படமான 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' விளம்பரத்துக்காக ஷான் கானரி கையில் ஏந்தி நின்றது இந்த ஏர் பிஸ்டலைத்தான். படப்பிடிப்பு நாளன்று உண்மையான மாதிரி கொண்டுவரப்படவில்லை. புகைப்படக் கலைஞர் டேவிட் ஹர்ன் தம்மிடம் இருந்ததைக் கொடுத்தார். 2010இல் லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் அது 2,77,250 பவுண்டுக்கு விலைபோனது. சாதாரண எல்பி 53 எதற்கும் அந்த விலை கிடைக்காது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்கத் தயாரிப்புகளில் கையால் காற்றடிக்கும் பம்பு வகைகள் மிகுதி. டெய்சி நிறுவனத்தின் 'டார்கெட்டியர்' பிஸ்டலோ .118 அங்குலம், அதாவது சுமார் 3 மி.மீ. அளவுள்ள எஃகுக் குண்டைப் பயன்படுத்தியது. இவ்வளவு சிறிய குழல் கொண்ட பிஸ்டல் கிடைத்தால் தேடல் அங்கேயே தொடங்கலாம்.

ஊர்ப்பெயர் சொல்லும் காலம்

எழுத்துகள் எஞ்சியிருந்தால், நிறுவனத்தின் பெயரை விட ஊரின் பெயர் பயன்படும். 'செல்லா-மெஹ்லிஸ்' என்று இருந்தால் துப்பாக்கி 1919க்குப் பிந்தையது. அதற்கு முன் செல்லா, மெஹ்லிஸ் என்பவை இரு தனி ஊர்கள். வால்டர் நிறுவனம் போருக்கு முன் அங்கே இயங்கி, போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் உல்ம் நகரில் மீண்டும் தொடங்கியது. டெய்சி 1958இல் மிச்சிகன் மாநிலத்தின் பிளிமத்திலிருந்து ஆர்கன்சாவின் ராஜர்ஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. 'மேற்கு ஜெர்மனி' என்று பொறிக்கப்பட்டிருந்தால் அது போருக்குப் பிந்தைய தயாரிப்பு என்பதில் ஐயமில்லை.

காப்புரிமை எண்களும் உதவும். பிரிட்டனில் 1916க்கு முன் ஆண்டுதோறும் எண் 1இலிருந்து தொடங்கியது. 1916 முதல் 1,00,001இல் தொடங்கித் தொடர்ச்சியாக வழங்கப்பட்டது. ஆகவே ஆறு இலக்க பிரிட்டிஷ் எண், அதற்குப் பிந்தைய காலத்தையே காட்டும். ஜெர்மானியக் கருவிகளில் காணப்படும் 'டி.ஆர்.ஜி.எம்.' என்பது ஒரு நிறுவனத்தின் பெயரன்று. 1891 முதல் வழங்கிய பயன்பாட்டு வடிவப் பதிவின் சுருக்கம். இதை நிறுவனப் பெயராக எண்ணித் தேடி அலைபவர்கள் ஏராளம்.

வணிகச் சின்னம் எவ்வளவு குழப்பும் என்பதற்கு 'டயானா' சிறந்த எடுத்துக்காட்டு. ஜெர்மனியின் ராஸ்டாட் நகரில் 1890இல் தொடங்கிய மேயர் அண்ட் கிராமெல்ஸ்பாகர் நிறுவனத்தின் சின்னம் அது. வில்லைக் கீழே எறிந்துவிட்டுக் காற்றுத் துப்பாக்கியைத் தலைக்குமேல் உயர்த்தும் வேட்டைத் தேவதை அதில் இருப்பாள். போருக்குப் பின் ஆலையின் இயந்திரங்களும் சின்னமும் பிரிட்டனின் மில்ப்ரோ நிறுவனத்தின் கைக்கு வந்தன. ஸ்காட்லாந்தின் மதர்வெல் நகரில் 'டயானா' துப்பாக்கிகள் தயாராயின. ஜெர்மன் நிறுவனமோ பிரிட்டிஷ் சந்தையில் தன் துப்பாக்கிகளை 'ஒரிஜினல்' என்ற பெயரில் விற்க நேர்ந்தது. ஒரே பெயருக்கு இரண்டு தாய்நாடுகள்! தயாரான நாட்டின் பெயரைப் படிக்காமல் 'டயானா என்றால் ஜெர்மனி' என்று முடிவு செய்வது தவறாகிவிடும்.

ஒரு மில்லிமீட்டரில் மாறும் சட்டநிலை

நம் நாட்டில் முடிவாகத் தெரிய வேண்டியது குழலின் உள்விட்டம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல்வாய் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ, உள்விட்டம் 4.5 மி.மீ., அதாவது .177 அங்குலத்தைத் தாண்டினாலோ அந்தக் காற்று ஆயுதத்துக்கு உரிமம் தேவை. பழைய சுருள்வில் பிஸ்டல்கள் ஆற்றல் வரம்பை நெருங்குவதே இல்லை. சிக்கல் அளவில்தான். வெப்லி மார்க் 1, சீனியர் ஆகியவை .177, .22 என இரு அளவுகளிலும் விற்கப்பட்டன. தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. ஆனால் 5.5 மி.மீ. கொண்ட .22 உரிமத்துக்கு உட்பட்டது.

சந்தேகம் இருந்தால், 4.5 மி.மீ. பெல்லட் ஒன்றைக் குழலின் பின்முனையில் வைத்துப் பார்க்கலாம். .177 குழலில் அது இறுக்கமாகப் பொருந்தும்; .22 குழலில் தடையின்றி உள்ளே நழுவிவிடும்.

வெடிமருந்துத் துப்பாக்கி என்றோ உரிமம் தேவைப்படும் அளவு என்றோ தெரியவந்தால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு வழிகாட்டுகிறது. தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். பழுதடைந்த அல்லது வழக்கொழிந்த ஆயுதங்களுக்கு 45ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆனால் பழுதுபார்த்தாலும் துப்பாக்கியாகப் பயன்படாது என்ற நிலை இருந்தால்தான் அது பொருந்தும். துருப்பிடித்திருக்கிறது என்பது போதுமான காரணமாகாது.

வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு விற்க எண்ணுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம், வரலாற்று மதிப்புள்ள பொருள் நூறாண்டைக் கடந்தால் அதைத் தொல்பொருளாகக் கருதுகிறது. தனிநபர்கள் அதை ஏற்றுமதி செய்ய இயலாது. முதல் வெப்லி மார்க் 1 பிஸ்டல்கள் 2024இல் அந்த வயதை எட்டிவிட்டன.